வந்தியத்தேவன் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறுமுன்

2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் முதன்முறையாகச் சென்னையில் நடந்தது. 2011-ல் டெல்லியில் ஆரம்பித்த திருவிழா தமிழ்நாட்டு எல்லையைத் தாண்ட பதின்மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. பிடித்த படத்தின் பாத்திரமாகவே உடுத்திக்கொண்டு போய் நிற்கிற காஸ்ப்ளே அங்கே பெரிய ஈர்ப்பு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பிள்ளைகளுக்கு உழவன் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரித் தூரம்தான். கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஆலோசனை எதுவும் தேவையில்லை, பணம் போதும். வீட்டிலேயே வெட்டி, ஒட்டி, தைத்துக்கொண்டு போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பழக்கமே வீட்டுத் தையலில் பிறந்ததுதான். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்காலத்து மனிதர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார்கள். 1936-ல் வந்த ‘திங்ஸ் டு கம்’ படத்தின் சாயல் அந்த உடைகளில் இருந்தது. இரண்டையும் தைத்தவர் டக்ளஸ். வெகுநாள் வரைக்கும் புகழ் என்னவோ அக்கர்மேனுக்கே போனது; தையல்காரருக்கு எல்லா நாட்டிலும் அதே கதிதான்.

உடையைத் தைப்பது பாதி வேலை. போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை தாக்குப்பிடிப்பது மறுபாதி. முதல் பாதியைச் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மறுபாதி தெரிந்தவர்களோ மெலட்டூரிலும் தஞ்சாவூர்ச் சந்துகளிலும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியவை

உடம்பையும் பொறுமையையும் பார்த்துப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகங்களும் வந்த பிறகு டெல்டாவில் எல்லாருக்கும் ஆதித்த கரிகாலனாகவோ நந்தினியாகவோ ஆக வேண்டும். ஏகா லகானி வடிவமைத்த அந்த உடைகளுக்குப் பின்னால் ஒரு படையே உழைத்தது. முதல் முறை தைப்பவர் அதே கவசத்தையும் அதே நகைக்குவியலையும் துரத்தினால் தை மாதத்தில் பாதி உடையும் முழு வெறுப்பும்தான் மிஞ்சும். அதே படத்தில் ஜெயராம் செய்த ஆழ்வார்க்கடியான் நம்பியைப் பாருங்கள். வேட்டி, குடுமி, நாமம், கையில் தடி. செலவு குறைவு, வெயிலுக்கும் ஏற்றது. கூட்டத்தில் யாருடனாவது வம்புக்கு வாதம் பண்ணிக்கொண்டே நடந்தால் போதும், பாத்திரம் தானாக வந்துவிடும்.

இன்னும் கிட்டத்தில் ஒரு ஜோடி இருக்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்த படம். சிக்கல் சண்முகசுந்தரமும் திருவாரூர் மோகனாம்பாளும் பெயரிலேயே நம்ம ஊர்க்காரர்கள். பட்டு ஜிப்பா, சரிகை அங்கவஸ்திரம், காதில் கடுக்கன், கையில் நாயனம். அவளுக்கு நாட்டிய உடை. கேப்டன் அமெரிக்காக்கள் வரிசையாக நிற்கிற கூடத்தில் இந்த இருவரும் நுழைந்தால் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோகனாம்பாள் உடையை மட்டும் பரதநாட்டிய உடை தைத்துப் பழகியவரிடம் கொடுங்கள். முன்பக்கத்து விசிறி மடிப்பு பார்க்கத்தான் எளிது. அரைமண்டியில் விரிந்து, நிமிர்ந்தால் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு கைப்பழக்கத்தில் வருவது.

இல்லை, பொன்னியின் செல்வனில் வரும் வந்தியத்தேவன்தான் வேண்டும் என்றால், எந்த வந்தியத்தேவன் என்பதை முதல் நாளே முடிவு பண்ணிவிடுங்கள். படத்துக்கு எழுபது வருஷம் முன்பே, 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோது, ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவன் ஒருவன் இருக்கிறான். நம் பாட்டிமார்களின் மனதில் இன்றைக்கும் நடமாடுவது அவன்தான். கார்த்தி நடித்தவன் வேறு. நிஜச் சோழர் காலம் மூன்றாவது. தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில் 1931-ல் வெளிச்சத்துக்கு வந்த சோழர் ஓவியங்களில், கருவூர்த் தேவரோடு நிற்பவரை ராஜராஜன் என்று பலரும் கருதுகிறார்கள். அவர் உடம்பில் தைத்த சட்டையே கிடையாது. மூன்றையும் கலந்துகட்டினால் சினிமா ரசிகர், கல்கி ரசிகர், வரலாற்று வாத்தியார் மூன்று பேரிடமும் திட்டு வாங்கலாம். சினிமா என்றால் சினிமா. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று கோணத்துப் படங்களைத் தாளில் அச்செடுத்து மெஷினுக்கு எதிரே ஒட்டுங்கள். பின்பக்கத்துக்குப் படம் கிடைக்காமல்தான் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள்.

நகைக்கு மட்டும் ஒருதரம் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய் வாருங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார், 1011-ல் வார்த்தது. காளையே இல்லை, ஆனாலும் ஒரு கை காளை மேல் சாய்ந்த மாதிரியே நிற்கிற நிலை. தோள்வளை கையில் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, இடுப்புப் பட்டை வயிற்றை எங்கே பிடிக்கிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்கிற தோள்வளை பெரும்பாலும் முழங்கைப் பக்கம் சரிந்து கிடக்கும். பார்த்ததுமே நாடக உடை என்று தெரிந்துபோவது அந்த ஒரு பிசகால்தான்.

தமிழ்க் காலண்டரை வைத்து வேலையைப் பிரியுங்கள். ஆடியில் தள்ளுபடி, துணி, லைனிங், ஜரிகைக் கரை எல்லாம் அப்போது வாங்கிவிடலாம். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் டெய்லரும் முகம் கொடுத்துப் பேசுவார். தீபாவளிக்கு முன் அவரிடம் போய் ‘அண்ணே, ஒரு கவசம்...’ என்று ஆரம்பித்தால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. காகிதக்கூழ், பசை, பெயிண்ட் வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கூழ் காயாது, பூசணம் பூக்கும். கார்த்திகை, மார்கழி முழுக்கத் தையல். தையில் சம்பா அறுவடை. வயல் வைத்திருக்கிற வீடு என்றால் உங்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடைக்காது.

பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். டெய்லர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி, ஆனாலும் அவசரத்தில் எல்லாரும் தாண்டிவிடுவார்கள். பட்டும் புரோகேடும் நனைக்க வேண்டாம். நல்ல துணியில் கத்தரி வைக்குமுன் மலிவான காடாவில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கவசத்துக்கு உள்ளே என்ன போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே இன்ச் டேப் பிடிக்க வேண்டும். வெறும் பனியனோடு எடுத்த அளவு கவசத்துக்குச் செல்லாது.

பஞ்சகச்சத்தைத் தைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். ராஜா, தளபதி, ஒற்றன், புலவர் யாராக இருந்தாலும் கீழே கச்சம்தான் வருகிறது. வேட்டி கட்டியே பழகாத பிள்ளைக்கு நந்தம்பாக்கத்து எஸ்கலேட்டரில் அவிழ்ந்தால் அதோடு திருவிழா முடிந்தது. கடையில் ஒன்பது ஐந்தா பத்து ஆறா என்று கேட்பார்கள். ஒல்லி ஆளுக்கு ஒன்பது ஐந்து போதும். வேட்டி நிறத்திலேயே பருத்தியில் ஓர் அரை டிரவுசர் தைத்துக்கொள்ளுங்கள், இடுப்பில் நாடா வைத்து. கட்டத் தெரிந்த தாத்தாவையோ கோயில் குருக்களையோ விட்டு அதன் மேல் ஒருதரம் முறையாகக் கச்சம் கட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்ததும் கழற்றாமல், முன் கொசுவத்தை மடிப்புக் கலையாமல் டிரவுசர் பட்டியோடு குண்டூசியால் பிடியுங்கள். பிறகு கழற்றி மெஷினில் போட்டு இரட்டைத் தையல்.

பின்கச்சத்தில்தான் நுட்பம் இருக்கிறது. நின்றபடி இழுத்து அளவெடுத்துத் தைத்தால் உட்காரும்போது டர்ரென்று போய்விடும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, எழுந்து, படியேறிப் பார்த்து, அந்த இழுப்புக்குத் தக்க ஒரு சாண் துணியாவது தளர விட்டு, இடுப்பில் ஹூக் வைத்து மாட்டுகிற மாதிரி முடியுங்கள். தைத்துவிடாமல் ஹூக் வைப்பதற்குக் காரணம் கழிப்பறை. யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், ஒரு நிமிஷத்தில் அவிழ்த்து மறுபடி மாட்ட வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத உடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பொம்மைக்குத்தான் ஆகும்.

கைக்குழியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். வாளை ஓங்கி நின்றால்தான் படம் எடுப்பார்கள். ஓங்கினால் அக்குள் பிரியும். அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு சேர்த்துத் தைத்தால் கை எத்தனை தரம் உயர்ந்தாலும் சட்டை மேலே ஏறாது. உள்ளே மல் துணி லைனிங் போடுங்கள், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும்.

ரெக்ஸின் தைக்கும்போது மெஷினின் பாதம் ஒட்டிக்கொண்டு நகராது. மேலே செய்தித்தாள் பட்டை ஒன்றை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். குண்டூசி ஓட்டை அதில் மறையவே மறையாது. கிளிப் போட்டுப் பிடியுங்கள். தையலும் பெரிய தையலாக இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வந்துவிடும்.

கவசத்துக்கு ஃபோம் ஷீட் போதும். யோகா பாய்க்குப் போடுகிற அதே சரக்கு. மார்புக்கு 5 மில்லிமீட்டர், மேலே பூவேலைக்கு 2 மில்லிமீட்டர். பிளேடைப் புதிதாகப் போட்டு ஒரே இழுப்பில் வெட்டினால்தான் ஓரம் சுத்தமாக வரும். சூடு காட்டி வளைக்க வேண்டும். சமையலறை அடுப்பில் அல்ல, ஹீட் கன்னில்; தச்சரிடமோ ஃபிளெக்ஸ் போர்டு கடையிலோ இரவல் கிடைக்கும். வளைத்ததும் ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அதற்கு மேல் அக்ரிலிக் பெயிண்ட். பூச்சில்லாமல் நேரே பெயிண்ட் அடித்தால் ஃபோம் அத்தனையையும் குடித்துவிட்டு மங்கலாகவே நிற்கும். தங்க நிறத்துக்கு அடியில் கறுப்பு அடியுங்கள். பள்ளத்தில் கறுப்பும் மேட்டில் தங்கமும் நின்றால் பழைய உலோகம் போல வரும். மொத்தமும் பளபளத்தால் கல்யாண மண்டபத்து அலங்கார வளைவுதான்.

பாரத்தைத் தோளில் தொங்கவிடுங்கள். பொய்க்கால் குதிரை ஆடுகிறவரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? கட்டைக்கால் மேல் நின்றுகொண்டு, இடுப்பைச் சுற்றிக் குதிரைக் கூட்டைச் சுமந்தபடி, கரகத்துக்கும் தவிலுக்கும் நடுவே ராத்திரி முழுக்கச் சுற்றுகிறார். கூட்டின் பாரம் தோள்பட்டை வழியாக இறங்குகிற மாதிரி பட்டை போட்டிருப்பார்கள். மார்க்கவசம், சிறகு, பின்னால் தொங்கும் கேடயம் எதற்கும் இதே வழிதான். இரண்டு விரல் அகலத்தில் பட்டை, உள்ளே பழைய துண்டை மடித்து வைத்துத் தைத்தது, முதுகில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகட்டும். கழுத்தில் தொங்குகிற எதுவும் மத்தியானத்துக்குள் தலைவலியாகும்.

உள்ளூர்க் கைவேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் எதை எங்கே வைப்பது என்று தெரிந்து வையுங்கள். நெட்டி காற்று மாதிரி கனமில்லாதது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் போடும் மாலையிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பெரிய கோயிலிலும் பார்த்திருப்பீர்கள். கிரீடத்துப் பூவுக்கும் இதழுக்கும் அதை விடச் சிறந்த பொருள் கிடையாது. தோளிலோ இடுப்பிலோ வைத்தால் ஒரு இடி பட்டதும் நொறுங்கும், வியர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும். தஞ்சாவூர் ஓவியத்தில் நகையைப் புடைத்துக் காட்ட வைக்கிற சுண்ணப் பொடி மக்கும் அப்படித்தான். கிரீடம், கேடயம், வாள் பிடி மாதிரி வளையாத இடத்தில் வைத்தால் அசத்தும். மணிக்கட்டுக் காப்பில் வைத்தால் இரண்டாவது கைகுலுக்கலில் விரிசல் விடும். தலைக்கவசத்துக்கும் முகமூடிக்கும் தலையாட்டி பொம்மைக்காரர் வழி. அச்சின் மேல் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைப்பது. வீட்டில் அச்சு இல்லாவிட்டால் உங்கள் தலையளவுக்கு ஒரு பானையோ பலூனோ போதும். மரவள்ளி மாவுப் பசையென்றால் கரப்பான் வரும். உயரத்தில், மூடி வையுங்கள்.

ஒரு முழுநாள் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்து பாருங்கள். தண்ணீர் குடியுங்கள், சாப்பிடுங்கள், மாடிப்படி ஏறுங்கள், பைக்கில் பின்னால் உட்காருங்கள். எங்கே உராய்கிறது என்று உடம்பு சொல்லிவிடும். அங்கே பவுடர் போதுமா, உள்ளே மெத்து வைக்க வேண்டுமா, பட்டையையே மாற்ற வேண்டுமா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். அக்கம்பக்கம் சிரிக்கும். சிரிக்கட்டும், சென்னையிலும் நாலு பேர் சிரிப்பார்கள், பழகிக்கொள்வது நல்லது.

முகமூடி போடுகிறவர்கள் கூட ஒரு ஆளை அழைத்துக்கொண்டு போங்கள். மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் நடக்கும் ராத்திரியை இதற்காகவே ஒருதரம் பார்க்கலாம். வைகாசியில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே. வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகம். பெண் வேஷமும் ஆண்களே கட்டுகிறார்கள். நரசிம்மர் முகத்தைக் கோயிலில் பூஜையில் வைத்திருக்கிறார்கள், அதை அணிகிறவர் விரதம் இருக்கிறார். விடியும் தறுவாயில் அவர் முகத்தோடு வரும்போது இரண்டு பக்கமும் ஆள் நின்று அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆவேசத்தைத் தாங்கத்தான் அந்த ஏற்பாடு. நம் ஃபோம் முகமூடிக்கு ஆவேசம் வராதுதான். ஆனால் கண் ஓட்டை வழியே கால் தெரியாது, காது பாதி அடைக்கும், மூச்சு முட்டும். கைப்பிடிக்க, தண்ணீர் கொடுக்க, செல்போனை வைத்துக்கொள்ள ஒரு தம்பியோ தோழியோ வேண்டும். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு உங்கள் செலவு.

கைப்பையில் இருக்க வேண்டியவை: ஊசி, அதே நிற நூல், ஊக்கு ஒரு அட்டை, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், சின்ன டியூப் பசை, ஹேர்பின், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். ஹவாய்ச் செருப்பையும் மறக்காதீர்கள். சாயங்காலம் கால் உங்களை வாழ்த்தும்.

செய்யக்கூடாதவை

அம்மாவின் கூறைப்புடவையில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். கேட்டு வாங்கியிருந்தாலும் வேண்டாம். திருபுவனம் பட்டும் அப்படித்தான். மடிப்பிலே இற்றுப்போன, யாரும் இனி கட்டமாட்டார்கள் என்று வீடே ஒத்துக்கொண்ட புடவை இருந்தால் கரையை மட்டும் பிரித்தெடுத்து, அடியில் பருத்தித் துணி கொடுத்துத் தையுங்கள். ஒரு ஜரிகைக் கரை மலிவுத் துணியையும் ராஜ உடையாக்கிவிடும்.

தெர்மாகோல் மேல் ஸ்பிரே பெயிண்ட் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். கண் எதிரே கிரீடம் குழிந்து சுருங்கும். செருப்புக் கடைகளில் போடும் சொல்யூஷனும் அதே வேலையைச் செய்யும். ஃபெவிகாலும் அக்ரிலிக் பெயிண்டும்தான் அதற்கு ஒத்துவரும். சொல்யூஷன் எதுவானாலும் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து பூசாதீர்கள், மாடிக்குப் போய்விடுங்கள்.

குளூ கன் ஒட்டு ஒன்றையே நம்பிப் பாரம் தாங்கும் இடங்களை விடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் இருந்தால் அது இளகிவிடும். பட்டை சேரும் இடத்தில் தையலோ ரிவெட்டோ கட்டாயம்.

இரும்பு வாள் வேண்டாம், பித்தளை வேண்டாம், கூர் மழுக்கிய அரிவாளும் வேண்டாம். இப்படிப்பட்ட விழாக்களில் வாசலிலேயே ஆயுதங்களைச் சோதிப்பார்கள், உலோக அலகு என்றால் உள்ளே விடமாட்டார்கள். அதற்கு முன் மெட்ரோ ஸ்கேனரைத் தாண்ட வேண்டும், ரயில்வே போலீஸிடம் விளக்கம் சொல்ல வேண்டும். ‘சார், இது வந்தியத்தேவன் வாள்’ என்று எழும்பூர் நடைமேடையில் நின்று சொல்லிப் பாருங்கள். நடுவில் பிவிசி குழாயோ மூங்கிலோ வைத்து, இரண்டு பக்கமும் ஃபோம் ஒட்டினால் கையில் கனமில்லை, யார் மேல் பட்டாலும் காயமில்லை.

போலீஸ் பாத்திரம் என்றால் சீருடையை அசல் மாதிரியே செய்யாதீர்கள். மக்களை நம்பவைக்கும் எண்ணத்தோடு அரசு ஊழியர் உடை அணிவது தண்டனைக்குரிய குற்றம். உங்கள் எண்ணம் அது இல்லைதான். ரோட்டில் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? பட்டை, நட்சத்திரம், தொப்பி எல்லாம் அரங்குக்குள் போய் மாட்டிக்கொள்ளுங்கள்.

பாத்திரத்துக்காக முகத்தில் கரி பூசாதீர்கள், சுண்ணாம்பு மாதிரி வெளுப்பேற்றவும் வேண்டாம். கறுப்பு உடம்பைக் கோமாளி வேஷமாகக் காட்டித் தமிழ் சினிமா போதும் போதுமென்கிற அளவுக்குச் சம்பாதித்துவிட்டது. உங்கள் நிறத்திலேயே குந்தவை நன்றாக இருப்பாள். நீல அவதாரம், பச்சை ஹல்க் என்றால் அது வேறு. அதற்கும் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் உதவாது. நாடகக்காரர்களுக்கு மேக்கப் சாமான் விற்கும் கடையில் வாங்கி, முந்தின நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி அரிப்பு வருகிறதா பாருங்கள். கலைக்கத் தேங்காய் எண்ணெய்தான். அரிதாரம் பூசியவர்கள் காலங்காலமாக அதைத்தான் தேய்த்தார்கள்.

நிற லென்ஸைக் கண் மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள், நண்பனிடம் இரவல் வாங்கவே வாங்காதீர்கள், ரயிலில் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். ஸ்பிரிட் கம் போட்டு ஒட்டிய மீசையைப் பிய்த்து எடுக்க வேண்டாம், தோலும் கூடவே வரும்.

பாலியெஸ்டர் உடையோடு தீ பக்கம் போகாதீர்கள். பருத்தி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். புறப்படுமுன் ஆரத்தி எடுக்க அம்மா ஆசைப்பட்டால் அங்கியைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

பெரிய கோயிலில் போட்டோ ஷூட் வேண்டாம். சோழ உடை தைத்த எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற இடம் அதுதான். அது தொல்லியல் துறைப் பொறுப்பில் உள்ள சின்னம், முக்காலி வைத்துப் படமெடுக்க அனுமதி வாங்க வேண்டும். அதை விட முக்கியம், பெருவுடையாரைக் கும்பிட வந்தவருக்கு நடுவே வாளை உருவிக்கொண்டு நிற்பது முறையில்லை. வயலில் எடுக்கலாம் என்றால் கேட்டுக்கொண்டு எடுங்கள். வரப்பில் நில்லுங்கள், பயிரில் கால் வைக்காதீர்கள். நாலடி அகலத்து அங்கி பின்னால் இழுபட்டு எத்தனை கதிரைச் சாய்க்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, வயல்காரருக்குத் தெரியும். அறுவடை முடிந்த தாளடி வயலில் சாயங்கால வெயில் இருக்கிறதே, அதுவே போதும். ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் ஓடுகிற மாதங்களில் காவிரியிலும் வெண்ணாற்றிலும் மணல் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. நனைந்த கனத்த உடையோடு நீச்சல் தெரிந்தவரும் எழுந்திருக்க முடியாது.

சோழனுக்குச் சாதி அடையாளம் கட்டாதீர்கள். ராஜராஜன் சதய விழாச் சமயத்தில் நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். நம்பி வேஷம் கட்டுகிறவர் நாமத்தைக் கேலிப் பொருளாக்க வேண்டாம், கதையில் அவர் புத்திசாலி.

யாருடைய உடையையும் கேட்காமல் தொடாதீர்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள். சிறகைத் தடவிப் பார்ப்பது, சவுரியை இழுப்பது, பெண்ணின் தோளில் கைபோட்டு செல்ஃபிக்கு நிற்பது எதுவும் ஆகாது. நந்தினி மாதிரி உடுத்தியிருக்கிறாள் என்பதால் அவளோடு யாரும் எப்படியும் பேசலாம் என்று ஆகிவிடாது. உங்களுக்கு இது நடந்தால் சிரித்துச் சமாளிக்காதீர்கள். அங்கே தன்னார்வலர்கள் நிற்பார்கள், சொல்லுங்கள். கூட வந்த அண்ணன்மார் அடிதடியில் இறங்கவும் வேண்டாம்.

ரயிலில் வேஷத்தோடு ஏறாதீர்கள். உழவன் ராத்திரி ரயில். மேல் பர்த்தில் கவசத்தோடு புரண்டால் காலையில் கவசமும் இருக்காது, கீழே படுத்தவரின் தூக்கமும் இருக்காது. கிரீடத்தையும் முகமூடியையும் பழைய போர்வையில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியை உங்கள் தலைமாட்டில் வையுங்கள், சீட்டுக்கு அடியில் தள்ளினால் யாராவது உதைப்பார்கள். தாம்பரத்தில் இறங்கினால் மின்ரயிலில் பரங்கிமலை, அங்கிருந்து ஆட்டோ. முக ஒப்பனை மட்டும் போட்டுக்கொண்டு போய், மற்றதை அரங்குக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கழிப்பறைக்குப் பயந்துதான் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள், மயங்கியும் விழுகிறார்கள். ஹூக் வைத்துத் தைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஊருக்கு வந்ததும் உடையைப் பையோடு மூலையில் போடாதீர்கள். வியர்வை காய்ந்தால் ஜரிகை கறுக்கும். லைனிங்கை மட்டும் ஈரத் துணியால் துடைத்து நிழலில் ஆறவிடுங்கள். ஜரிகை உள்ள பாகத்தைத் தண்ணீரில் முக்க வேண்டாம். அந்துருண்டை ஜரிகை மேல் பட வைக்காதீர்கள், பட்டுக்கு நம் பாட்டி வைத்த வசம்பே போதும், ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து வையுங்கள். ஃபோம் கவசத்தை மடிக்காமல், உள்ளே செய்தித்தாள் அடைத்துத் தொங்கவிடுங்கள். எப்படியும் அடுத்த மாதம் தெருவில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வரும், யாராவது ஒரு அக்கா வந்து கேட்பாள். வேட்டியையும் அங்கியையும் கொடுங்கள். கிரீடத்தைக் கொடுக்காதீர்கள்.